நடுப்பெட்டி

சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை. கூடத்தில் பழைய திரைப்படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சன்னலோரச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, பாதிப் படத்தில் எழுந்து தம் அறைக்குப் புறப்பட்டார். "ஏம்ப்பா, படம் பிடிக்கலையா?" என்று கேட்டேன். "படம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. சத்தமெல்லாம் வருது. பேச்சுத்தான் வர மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிறருடைய பேச்சை ஊருக்குக் கேட்கச் செய்து பிழைத்த மனிதர் அவர். அவர் சொன்னதை நான் கருவியைப் பற்றிய குறையாகவே எடுத்துக்கொண்டேன். முன் ஒலிபெருக்கிகள் இரண்டுக்கும் நடு ஒலிபெருக்கிக்கும் நல்லதொரு பவர் ஆம்ப்ளிஃபயர் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். அந்த ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுத்த கதையையும், அதற்குள் நான் கவனிக்கத் தவறிய வேறொன்றையும் இங்கே எழுதிவைக்கத் தோன்றுகிறது. தமிழ் கற்பிக்கிறவனுக்கு வாட்டும் ஓமும் எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பின்வரும் பக்கங்கள் ஓரளவுக்கு அதற்கும் விடையாக அமையலாம்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. அங்கே அப்பா 1970இல் மைக் செட் தொழிலைத் தொடங்கி 2008 வரை நடத்தினார். எங்கள் பக்கத்தில் அதை 'ரேடியோ கட்டுவது' என்பார்கள். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் முதல் நாளே புளியமரத்திலும் தென்னையிலும் குழாய் ஒலிபெருக்கிகளை ஏற்றிக் கட்டிவிட வேண்டும். தொடக்கத்தில் இருந்தது வால்வு ஆம்ப்ளிஃபயர். அது சூடேறிக் குரல் எடுக்கவே சற்று நேரம் பிடிக்கும். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. பள்ளி விடுமுறைகளில் கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் கூடப் போவேன். பதினாறு ஓம் யூனிட் இரண்டை இணையாகக் கட்டினால் எட்டு ஓம், நான்கைக் கட்டினால் நான்கு ஓம் என்ற கணக்கைப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே அந்த மரத்தடியில் கற்றேன்.

திரௌபதியம்மன் கோயில் பாரதம் நடக்கும் நாட்களில் அப்பாவுக்கு ஓய்வே இருக்காது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் படுகளம். கூத்து மேடையின் குறுக்கே கம்பி இழுத்து அதில் மைக்கைத் தொங்கவிடுவார். முகவீணையும் ஆர்மோனியமும் மேடையின் பின்புறம் இருக்கும். முகவீணையின் கீச்சொலி திரௌபதி வேடக்காரரின் குரலை விழுங்கிவிடாதபடி மைக்கை ஒரு சாண் முன்னே நகர்த்துவதும் அரைச் சாண் கீழிறக்குவதுமாக விடிய விடிய அலைந்துகொண்டிருப்பார். "பாட்டு பின்னால இருந்து வந்தாப் போதும். பேச்சு நடுவுல நிக்கணும்" என்பது அவருடைய கொள்கை. திரையரங்க ஒலியமைப்பின் கொள்கையும் அதுவே என்பதை நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

வீட்டில் ஒலியமைப்பு வைத்திருப்பவர்கள் பலர், திரைக்கு இருபுறமும் நிற்கும் உயரமான பெட்டிகளைப் பெருமையோடு காட்டுவார்கள். திரைக்குக் கீழே படுத்திருக்கும் நடுப்பெட்டியைக் குறித்துப் பேசுவது அரிது. ஆனால் திரைப்படத்தின் உரையாடல் ஏறக்குறைய முழுவதும் அந்தப் பெட்டி வழியாகவே வருகிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1931இல் லண்டனில் ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர் தம் மனைவியோடு படம் பார்க்கப் போனாராம். நடிகர் திரையின் ஒரு கோடியில் நிற்க, அவருடைய குரல் வேறெங்கிருந்தோ வருவது அவரை உறுத்தியதாகச் சொல்வார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அவர் அளித்த காப்புரிமை விண்ணப்பம் ஸ்டீரியோ ஒலியின் மூல ஆவணங்களுள் ஒன்றாயிற்று. ஆனால் இரண்டு பெட்டிகளால் ஆகும் ஸ்டீரியோவில் ஒரு சிக்கல் இருக்கிறது. சரியாக நடுவில் அமர்ந்தவருக்கு மட்டுமே குரல் நடுவிலிருந்து வருவதுபோலத் தோன்றும். ஓரத்தில் அமர்ந்தவருக்கு அது பக்கத்துப் பெட்டிக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும்.

அமெரிக்காவில் பெல் ஆய்வகம் இதற்கு மூன்றாவது வழி ஒன்றைச் சேர்த்துப் பார்த்தது. 1933 ஏப்ரல் 27 அன்று பிலடெல்பியாவில் இசைக்கப்பட்ட சிம்பொனி, கம்பி வழியாக வாஷிங்டனுக்கு வந்து இடம், நடு, வலம் என மூன்று ஒலிபெருக்கி அமைப்புகளில் ஒலித்தது. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் ஹார்வி ஃபிளெட்சர். 1940இல் வெளிவந்த 'பேன்டேசியா' திரைப்படமும் திரைக்குப் பின்னால் மூன்று வழிகளில் ஒலியைத் தந்தது. நம்மூருக்கு இந்தப் பல்வழி ஒலி பரவலாக வந்துசேர்ந்தது தொண்ணூறுகளில். 1996இல் 'கருப்பு ரோஜா' வந்தபோது 'டி.டி.எஸ்.' என்ற மூன்றெழுத்தைப் படத்தின் பெயரைவிடப் பெரிதாகப் பேசிக்கொண்டதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் கூடம் பன்னிரண்டுக்குப் பதினாறு அடி. அப்பா அமர்வது சன்னலோரம், அதாவது வலது பெட்டிக்கு அருகில். ஆகவே அவருக்கு வேண்டியது நல்ல நடுப்பெட்டியும் அதை இயக்க வலுவுள்ள ஆம்ப்ளிஃபயரும் என்று நான் முடிவு செய்ததில் ஒரு நியாயம் இருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஏ.வி. ரிசீவர்தான் அதுவரை எல்லாப் பெட்டிகளையும் இயக்கிவந்தது. அதன் அட்டைப்பெட்டியில் 'நூறு வாட்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில், இரண்டு வழிகளை மட்டும் இயக்கும்போது அந்த அளவு என்று சிறிய எழுத்தில் இருந்தது. ஐந்து பெட்டிகளும் ஒரே நேரத்தில் கேட்டால் அந்த நூறு குறைந்துவிடும். ஒரே மின்மாற்றியில் இருந்துதானே எல்லோருக்கும் பங்கு? ரிசீவரின் பின்புறம் 'ப்ரீ அவுட்' துளைகள் இருந்ததால், முன்னால் உள்ள மூன்று பெட்டிகளையும் தனி பவர் ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைத்துவிட்டு, பின்னால் உள்ள சிறியவற்றை மட்டும் ரிசீவரிடம் விட்டுவிடலாம்.

இரண்டு சனிக்கிழமைகள் இதற்காக அலைந்தேன். ஒன்று பெங்களூரு எஸ்.பி. சாலை, மற்றொன்று சென்னை ரிச்சி தெரு. தருமபுரிக்காரனுக்குச் சென்னையைவிடப் பெங்களூரு பக்கம். ஆனால் பேரம் பேசத் தமிழ் வேண்டுமென்று தோன்றியதால் ரிச்சி தெருவுக்கும் போனேன். ஒரு கடையில் 'ஐயாயிரம் வாட் பி.எம்.பி.ஓ.' என்று ஒட்டிய பெட்டியைக் காட்டினார்கள். ஒரு கணத்துக்கும் குறைவான நேரம் துள்ளி விழும் உச்சத்தைப் பலவாறாகப் பெருக்கிச் சொல்லும் விளம்பரக் கணக்கு அது. கேட்க வேண்டியது, எட்டு ஓமில் தொடர்ந்து தரக்கூடிய வாட் எவ்வளவு, நான்கு ஓமில் எவ்வளவு, எல்லா வழிகளும் சேர்ந்து இயங்கும்போது எவ்வளவு, அப்போது சிதைவு எவ்வளவு என்பவையே. இந்த நான்கு கேள்விகளைக் கேட்டவுடன் பல கடைகளில் முகபாவம் மாறிவிட்டது.

திரும்பி வந்து கணக்குப் போட்டேன். என் பெட்டிகளின் உணர்திறன் 86 டெசிபல். அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் அந்த அளவு ஒலிக்கும். பத்தடி தள்ளி அமரும் நமக்கு அது ஏறத்தாழ 78 ஆகக் குறைந்து வந்துசேரும். வீட்டில் உரையாடல் 68 டெசிபல் அளவில் கேட்டாலே போதும். பத்து டெசிபல் குறைவு என்றால் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு. ஆக, நாம் மணிக்கணக்காகக் கேட்கும் பேச்சுக்குச் செலவாவது வெறும் பத்தில் ஒரு வாட்! மீதியெல்லாம் உச்சங்களுக்காக. சராசரியைவிட இருபது டெசிபல் உயரும் இடி, வெடி, முரசொலி வரும்போது நூறு மடங்கு ஆற்றல் வேண்டும். அப்போது பத்து வாட் ஆகும். பத்து டெசிபல் கூட்டி வைத்துப் பார்க்கிறவருக்கு நூறு வாட். நூறிலிருந்து இருநூறுக்குப் போனால் கூடுவது மூன்று டெசிபல் மட்டுமே. காதுக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். வாட்டின் பெருமை எவ்வளவு மெல்ல வளர்கிறது என்பதை இந்தக் கணக்கு போட்ட பிறகுதான் உணர்ந்தேன்.

இந்தத் தாளைப் பார்த்த அப்பா, அருகில் வந்து உரக்கக் கேட்டார்: "நாற்பது வாட்டுல நான் ஊருக்கே ரேடியோ கட்டினேன். பத்தடிக் கூடத்துக்கு உனக்கு நூறு வாட்டா?" எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வியில் பொருள் இருந்தது. குழாய் ஒலிபெருக்கியின் உணர்திறன் சுமார் 106 டெசிபல். என் பெட்டியைவிட இருபது அதிகம். என் பெட்டிக்கு நூறு வாட் கொடுத்தால் கிடைக்கும் ஒலி, அவருடைய குழாய்க்கு ஒரே வாட்டில் கிடைத்துவிடும். குழாயின் விரிந்த வாய், சிறிய தகட்டின் அதிர்வைக் காற்றோடு செம்மையாகப் பிணைத்துவிடுகிறது. நம் வீட்டுப் பெட்டிகள் சிறிய உருவத்தில் ஆழ்ந்த ஒலியையும் தர வேண்டியிருப்பதால் கொடுத்த ஆற்றலில் ஒரு விழுக்காடு அளவையே ஒலியாக்குகின்றன. மீதியெல்லாம் கம்பிச் சுருளின் சூடு. ஆம்ப்ளிஃபயர் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பெட்டியின் உணர்திறனைத்தான் என்ற பாடத்தை, அவர் அறியாமலே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அடுத்த கேள்வி, இரண்டு முன்பெட்டிகளுக்கு ஒன்றும் நடுவுக்கு வேறொன்றுமாகத் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா என்பது. ஒன்றின் பெருக்கம் 26 டெசிபல், மற்றொன்றினுடையது 32 என்றால், ஒரே சமிக்ஞைக்கு நடுப்பெட்டி ஆறு டெசிபல் உரக்கப் பேசும். ரிசீவரின் சோதனை ஒலியைக் கொண்டு இதைச் சரிசெய்துவிடலாம் என்பது உண்மைதான். நல்ல ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டுக்கு இடையே குணத்தில் காது கண்டுபிடிக்கும்படியான வேறுபாடு மிகக் குறைவு என்பதும் உண்மை. ஆம்ப்ளிஃபயர்கள் ஒத்திருப்பதைவிட மூன்று பெட்டிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருப்பது முக்கியம். திரையின் இடமிருந்து வலம் ஒரு மாட்டுவண்டி போகும்போது நடுவில் வண்டியின் ஒலி மாறிவிடக் கூடாது. இருந்தாலும் ஒரே பெருக்கம், ஒரே பெட்டி, ஒரே மின்கம்பி என்றிருந்தால் தொல்லை குறைவு என்று, மூன்று வழிகளும் ஒன்றாக அமைந்த ஓர் ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுத்தேன். ஏ.பி. வகையா, டி வகையா என்ற கேள்விக்கு எங்கள் ஊர்ச் சித்திரை வெயில் விடை சொல்லிவிட்டது. ஏ.பி. வகை எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் கணிசமான பங்கைச் சூடாக்கி அறையில் விடும். டி வகை முழு ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். டி வகையையே வாங்கினேன். மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதிருப்பதன் பொருள் எனக்குத் தெரியும்.

அந்த வாரம் வகுப்பில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை நடந்துகொண்டிருந்தது. குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் பின்தொடர்ந்து எல்லாம் ஓரொலியாகக் கூடிநிற்பதை இளங்கோ சொல்லும் இடம். மூன்று பெட்டிகளும் ஒன்றையொன்று மீறாமல் இசைய வேண்டும் என்று நான் தவித்துக்கொண்டிருந்ததால், அன்று அந்தப் பகுதியை வழக்கத்தைவிட நீளமாக நடத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஆம்ப்ளிஃபயரைப் பொருத்திய அன்று மாலை பெட்டிகள் பேசுவதற்கு முன்பே, ஒரு முனகல் எழுந்தது. மெல்லிய, அடங்காத 'ம்ம்ம்'. கம்பிகளை மாற்றினேன், கழற்றி மாட்டினேன், போகவில்லை. அப்பா தம் அறையிலிருந்து வெளியே வந்தார். கூப்பிட்டால் திரும்பாதவர், கதவைத் தட்டினால் அறியாதவர், அந்த முனகலைக் கேட்டு வந்திருந்தார்! குனிந்து நடுப்பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். "கரண்டு முனகுது. எர்த்து ரெண்டாப் போயிருக்கு" என்றார். பிறகு ஒவ்வொரு கம்பியாகக் கழற்றச் சொன்னார். டிஷ் பெட்டிக்கு வரும் கம்பியைக் கழற்றியதும் முனகல் நின்றது. ரிசீவர் ஒரு சுவரிலும் ஆம்ப்ளிஃபயர் எதிர்ச்சுவரிலும் மின்சாரம் வாங்கிக்கொண்டிருந்தன. இரண்டு புவி இணைப்புகளுக்கிடையே சிறு மின்னழுத்த வேறுபாடு ஏற்பட்டு, அது சமிக்ஞைக் கம்பி வழியே சுற்றி வந்து ஐம்பது ஹெர்ட்ஸ் முனகலாகியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே பலகையில் சொருகியதும் சரியாயிற்று. எர்த்துக் குழி காய்ந்துகிடப்பதைப் பார்த்து இரண்டு குடம் தண்ணீரும் ஊற்றச் சொன்னார். நாற்பது வயதைத் தாண்டியபின் மறுபடியும் அவருக்குக் கம்பி எடுத்துக்கொடுக்கும் பையனாக ஒரு மணி நேரம் இருந்தேன்.

அதன் பிறகு படத்தைப் போட்டேன். ஒலி அகன்று விரிந்தது. இடி இடியாகவே விழுந்தது. முன்பு உச்சத்தில் கேட்ட கரகரப்பு இல்லை. நான் மகிழ்ச்சியோடு அப்பாவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், எல்லோரும் சிரித்தபோது சற்றுத் தாமதித்துச் சிரித்தார். பிறகு எழுந்து, "செட்டு நல்ல செட்டு" என்று என் தோளைத் தட்டிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை என் மகள், "தாத்தா, பல் வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே அவரிடம் போனாள். அவர் பதறி அவள் காலைப் பிடித்துப் பார்த்தார். "கல்லு எங்கம்மா குத்துச்சு?" என்றார். அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல்லும் கல்லும். உயிர் ஒன்றே, முதலில் நிற்கும் மெய் மட்டும் வேறு.

இருபதாண்டுகளாக எழுத்துகளின் பிறப்பைப் பாடம் நடத்துகிறவன் நான். உந்தியில் எழும் காற்று தலை, கழுத்து, நெஞ்சில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணத்தில் உருப்பெறுவதைத் தொல்காப்பியர் சொல்லும் அழகை ஆண்டுதோறும் வியந்து சொல்வேன். வல்லினத்துக்கு நெஞ்சு, மெல்லினத்துக்கு மூக்கு, உயிருக்கும் இடையினத்துக்கும் கழுத்து என்று நன்னூலார் வகுத்ததையும் சொல்வேன். அவை எழுத்து பிறக்கும் இடத்தைப் பற்றியவை. எழுத்து சென்றுசேரும் இடமாகிய காதைப் பற்றி நான் எண்ணிப் பார்த்ததில்லை. உயிரெழுத்துகளின் ஆற்றல் பெரும்பாலும் ஆயிரம் ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழும் இருக்கிறது. க், ச், த், ப் ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்காட்டும் அடையாளங்களோ பெரும்பாலும் இரண்டாயிரத்துக்கு மேலே, மிக மெல்லியவையாக, ஒரு நொடியில் சிறு பங்கு நேரமே நிற்கின்றன. வல்லினம் என்று நாம் அழைப்பது சொல்பவரின் நெஞ்சுக்கு வன்மையானது. கேட்பவரின் காதை வந்தடையும்போது அது மிகவும் மெலிந்த எழுத்து. முதுமையில் காது முதலில் இழப்பது அந்த மேல் எல்லையைத்தான். அப்பாவுக்கு உயிர் கேட்டுக்கொண்டிருந்தது. மெய் போய்விட்டிருந்தது. ஐம்பது ஹெர்ட்ஸ் முனகலை அடுத்த அறையிலிருந்து கேட்டவர், பேத்தியின் பல்வலியைக் கேட்க முடியாமல் போனது அதனால்தான். 'சத்தம் வருது, பேச்சு வரல' என்று அவர் சொன்னது எவ்வளவு துல்லியமான நோய்க்குறிப்பு! நான் அதைக் கேட்டுவிட்டு ரிச்சி தெருவுக்கு ஓடியிருக்கிறேன்.

சேலத்தில் ஒரு காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். சோதனைக்குப் பின் கையில் கொடுத்த வரைபடத்தில் கோடு இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் வரை ஓரளவு நேராக வந்து, பிறகு மலைச்சரிவாக இறங்கியது. நாலாயிரத்தில் ஒரு பள்ளம். நீண்ட காலம் பேரொலியின் அருகில் வேலை செய்தவர்களுக்கு அந்த இடத்தில் பள்ளம் விழும் என்றார் மருத்துவர். முப்பத்தெட்டு ஆண்டுகள், குழாய்களின் அடியில் நின்ற இரவுகள். எனக்குக் கல்லூரிக் கட்டணமாக வந்த பணம் அந்தப் பள்ளத்திலிருந்து எடுத்தது என்ற எண்ணம் வந்தபோது வரைபடத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

காதுக் கருவி என்றதும் அப்பா மறுத்துவிட்டார். "செவிட்டு மெஷினெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றார். ஒரு வாரம் பேச்சே இல்லை. பிறகு ஒரு நாள் வரைபடத்தை அவர் முன்னால் விரித்து, கட்சிக் கூட்டத்துக்கு ரேடியோ கட்டும்போது குமிழ்களை எப்படி வைப்பீர்கள் என்று அருகில் அமர்ந்து மெதுவாகக் கேட்டேன். "பேச்சுன்னா பாஸைக் குறைச்சு ட்ரெபிளைக் கூட்டணும். இல்லேன்னா வார்த்தை தூரத்துக்குப் போகாது" என்றார். குழாய் ஒலிபெருக்கியும் இயல்பிலேயே தாழ்ந்த ஒலிகளைச் சரியாகத் தராது, பேச்சுக்கு அது நன்மையாகவே முடிந்தது. "இந்த மெஷின் செய்யறதும் அதுதாம்பா. கோடு இறங்கற இடத்துல மட்டும் ஏத்திக் கொடுக்கற ஆம்ப்ளிஃபயர்" என்றேன். வரைபடத்தை வாங்கி விரலால் சரிவைத் தடவிப் பார்த்தார். "எத்தனை வாட்டு?" என்று கேட்டார்.

அது 1.4 வோல்ட் மின்கலத்தில் இயங்குவது. ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் எடுத்துக்கொள்ளும். அதைச் சொன்னதும் நீண்ட நேரத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

இப்போது ஹார்வி ஃபிளெட்சரை நினைத்துக்கொள்கிறேன். அந்த மூன்று வழி ஒலிபரப்புக்குத் தலைமை தாங்கிய அதே மனிதர், செவித்திறனை அளக்கும் கருவியை உருவாக்குவதிலும் பங்கேற்றவர். பேச்சும் கேட்டலும் குறித்து 1929இல் நூல் எழுதியவர். பேச்சின் ஆற்றல் பெரிதும் தாழ்ந்த ஒலிகளிலும், அதன் பொருள் பெரிதும் உயர்ந்த ஒலிகளிலும் இருப்பதை அளந்து காட்டியவர். நடுப்பெட்டியும் காதுக் கருவியும் ஒரே ஆய்வு அறையில் ஒரே மனிதரின் மேசையில் கிடந்திருக்கின்றன. எனக்குத்தான் இரண்டுக்கும் உள்ள உறவு தெரியச் சற்றுக் காலம் ஆகியிருக்கிறது.

ஆம்ப்ளிஃபயர் வாங்கியது வீண் என்று சொல்ல மாட்டேன். இசை கேட்கும்போதும் பெரும்படங்களின் உச்சங்களிலும் அது தன் விலைக்கு நியாயம் செய்கிறது. ஆனால் பேச்சு தெளியவில்லை என்பதற்காக வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இது: முதலில் ரிசீவரில் நடுப்பெட்டியின் அளவை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டிப் பாருங்கள். அலமாரிக்குள் திணித்திருந்தால் வெளியே இழுத்து, அமர்ந்திருப்பவரின் காதை நோக்கிச் சற்று நிமிர்த்தி வையுங்கள். எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதனிடமிருந்து எடுத்துவிடுங்கள். உச்சத்தையும் தாழ்வையும் நெருக்கிக் கொடுக்கும் இரவு அமைப்பு இருந்தால் பயன்படுத்துங்கள். இவற்றுக்குக் காசு செலவில்லை. பிறகு பெட்டி, அதற்கும் பிறகே ஆம்ப்ளிஃபயர். இவற்றுக்கெல்லாம் முன்பு, வீட்டில் யாருக்குப் பேச்சு கேட்கவில்லையோ அவரோடு ஒரு முறை மருத்துவரிடம் போய்வாருங்கள்.

சென்ற வாரம் ஒரு மாலை. அதே கூடம், அதே சாய்வு நாற்காலி. படம் தொடங்கிச் சில நிமிடங்களில் அப்பா கையைத் தூக்கி, "சத்தத்தைக் குறை கண்ணு, காது வலிக்குது" என்றார். குறைத்தேன். இன்னும் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். சமையலறையில் மகள் அம்மாவிடம் தாத்தாவைப் பற்றி ஏதோ மெதுவாகச் சொன்னாள். "நான் ஒண்ணும் ரெண்டு மிட்டாய் தின்னல, ஒண்ணுதான் தின்னேன்" என்று அப்பா அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

அப்போது அந்த நூறு வாட் ஆம்ப்ளிஃபயர் பத்தில் ஒரு வாட்டுக்கும் குறைவாகத்தான் தந்துகொண்டிருந்திருக்க வேண்டும். படம் முடிந்ததும் அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடே இல்லையே, இதை வித்துடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "சரி, இருக்கட்டும். பண்டிகைக்கு யாராச்சும் கேட்டா வாடகைக்கு விடலாம்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.